ஆடிக் கூழும் பள்ளிக்கூடத் தகரமும்

பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் அது இரைந்ததும் அம்மா நினைவு வந்தது.

ஆரணியில் எங்கள் நெசவுத் தெருவே நடத்திய பள்ளி இது. நான் படித்தபோது ஓலைக்கூரை ஒழுகும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வசூலித்ததைத் தகரத்துக்குக் கொடுக்கலாம் என்று அப்பா தெருக்காரர்களைச் சம்மதிக்க வைத்தார்.

"கூழ நிறுத்தினா பசங்களுக்கு அம்மை போட்டுடும்ங்க," என்றாள் அம்மா.

"பசங்க நனைஞ்சிகினு படிக்கிறத அவளும் பார்த்துகினுதான இருக்கா. கோவம் வந்தா என்மேல வரட்டும்," என்றார் அப்பா.

கூரை வந்தது. அம்மா வீட்டுக் கேழ்வரகில் கூழ் காய்ச்சி, பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊற்றினாள். ஊற்றும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். யாருக்கும் சுடவில்லை.

"செருப்போட வரலாம் தாத்தா," என்றாள் பேத்தி. கழற்றிவிட்டுத்தான் போனேன்.