பெயர் சொல்லாமல் வைத்த மருந்து

எங்கள் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் எலியை எலி என்று சொல்லமாட்டார்கள். பிள்ளையாருக்கு மரியாதையாக 'வாகனம்' என்பார்கள். மருந்து வாங்கி வைத்திருந்தால் அந்தப் பேச்சே கூடாது. கூரையில் இருப்பது கேட்டுக்கொள்ளும், பழிவாங்கும். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிற எனக்கு இது பெரிய வேடிக்கை.

எலிக்கூட்டில் அகப்பட்டதைப் பீப்பாய்த் தண்ணீரில் அமுக்குவது என் வேலை. நீர்க்குமிழி நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கைப்பேசியில் பார்ப்பேன். பைப்படியில் நிற்கிற பெண்கள் குடம் வழிவதை மறந்து பார்ப்பார்கள். "வாகனம் நீச்சல் பழகுதாடி?" என்பாள் ஒருத்தி. எல்லாரும் சிரிப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரையைப் பார்த்துக் கத்தினேன்: "ஏய் எலி, ஒனக்கு மருந்து வாங்கப் போறேன்!" அம்மா கரண்டியோடு ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்தால், தேர்த் திருவிழாவுக்குக் கட்ட வைத்திருந்த அம்மாவின் சேலையில் கை நுழைகிற அளவு ஓட்டை.

"படிச்சவளே, இப்ப சந்தோஷமா?"

அதனால் பலாபத்வலைக் கடைக்குப் போய் அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லாமல் வாங்கிவந்தேன். பச்சை வில்லைகள். நடுச்சுவரின் மேல் வைத்தேன். எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கத்துக் காம்பராவில் ஓர் அத்தை தனியாக இருந்தார். தனியாக என்றால், ஒரு செம்பட்டைப் பூனையோடு. "மகனே" என்றுதான் அதைக் கூப்பிடுவார். கருவாட்டில் முதல் துண்டு அதற்குத்தான்.

மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடும். தள்ளாடுவதைப் பூனை பிடிக்கும். தெரியாமல் இல்லை. அந்த உணவுச்சங்கிலியைப் பரீட்சையில் அம்புக்குறி போட்டு வரைந்து முழுப் புள்ளி வாங்கியவள் நான். அத்தையிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வாயத் தொறந்த, அடுத்தது ஒன் யூனிஃபோம்தான்" என்றார் அம்மா.

மூன்றாம் நாள் காலை அந்தப் பூனை ஓர் எலியைக் கவ்விக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் நடந்தது. ராஜநடை. அத்தை கைதட்டினார். "பாத்தியா புள்ள, மகன் ஒங்க வீட்டுக்கும் சேத்துத்தான் ஒழைக்கிறான்!"

அம்மா என்னைப் பார்த்தார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. துப்பவில்லை.

மறுநாளும் அது இரண்டு பிடித்தது. பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மூக்கால் இரத்தம் வந்தது. ஞாயிறு மத்தியானம் அத்தை மடியிலேயே செத்தது.

"நீ படிச்ச புள்ள, சொல்லு. என்ன வந்துச்சு இவனுக்கு?"

"ஏதோ வருத்தந்தான் அத்தை. பூனைகளுக்கு வரும்."

"யாராச்சும் மருந்து கிருந்து வச்சாங்களா?"

"நாங்க வைக்கலயே" என்றார் அம்மா, எனக்கு முன்னால்.

சாதிக்காய் மரத்தடியில் குழி தோண்டியது நான்தான். அத்தை ஒரு துண்டுக் கருவாட்டை உள்ளே வைத்தார். மண்ணை மூடியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேள, நீ கிட்ட இருந்த."

வீட்டுக்குள் வந்தால் கூரையில் கறுக் கறுக்கென்று சத்தம். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு என் காதோடு சொன்னார்: "வாகனம் இன்னும் இருக்கு."

மிச்ச வில்லைகளை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்துக் காம்பராவைப் பற்றி இனி யோசிக்க வேண்டியதில்லை.