நாயைப் பாயவிடாத பயிற்சிக்காரி

இராஜேஸ்வரிக்குச் சந்தேகம் என்பது சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி. சுவிஸின் ஓஸ்டர்முண்டிகனில் அவளுக்குப் பக்கத்து வீட்டில் பத்து வருடம் குப்பை கொட்டிய நான் சொல்கிறேன்: மலிவு விலைத் தக்காளியைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பாள்.

மிளகு என்ற தன் ஒன்பது மாத நாய்க்குட்டியைத் தடைதாண்டும் பயிற்சிக்குக் கொண்டுபோனபோதும் அதே கதைதான். பயிற்சிக்காரி ரெகுலா தடிகளைப் புல்லில் படுக்கப் போட்டு, மிளகை அவற்றுக்கு மேலால் நடக்க மட்டும் விட்டாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும், நேரான குழாய்க்குள் ஓடி வெளியே வர வேண்டும். அவ்வளவுதான். "எலும்பு முற்றட்டும். ஒன்றரை வயதுக்குப் பிறகு உயரப் பாயலாம்" என்றாள். பக்கத்துத் திடலில் மற்ற நாய்கள் பாய்ந்துகொண்டிருந்தன.

"பாத்தியே? அதுகள் பாயுது, எங்கட நாய் நடக்குது. வெளிநாட்டு ஆக்களின்ர நாயெண்டாப் பொறுத்திருக்க வேணுமாம்!"

"அதுகள் வளந்த நாயளடி."

"உன்னை ஆரும் ஏமாத்தலாம்."

இந்தக் கோபம் நாயோடு தொடங்கியதல்ல. மகள் யாதவியின் ஆறாம் வகுப்பு ஆசிரியையும் "பிள்ளை இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று இனிக்க இனிக்கச் சொல்லித்தான் அவளை றியால்சூல என்ற கீழ்ப்பிரிவில் விட்டார். இராஜேஸ்வரி தலையாட்டிவிட்டு வந்தாள். அதற்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பூச்சாடிகளுக்கு மேல் வீடு கூட்டும் தும்புத்தடியைக் குறுக்கே வைத்தாள். மிளகு ஓடி வந்தது.

"மூட்டு போச்சுதெண்டா ஆயுசுக்கும் நொண்டும், விசரி!" என்று கத்தித் தடியைப் பறித்தேன்.

"அப்ப அவள் சொல்லுறது உண்மையோ பொய்யோ எண்டு எனக்கு ஆர் சொல்லுவினம்?" என்று அவளும் கத்தினாள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ரெகுலாவிடமும் ஒரு குட்டி இருக்கிறதாம். அதை என்ன செய்கிறாள் என்று பார்ப்போமே! ஞாயிறு காலை என்னையும் இழுத்துக்கொண்டுபோய்ப் பயிற்சித் திடலின் வேலிக்குப் பின்னால் பதுங்கினாள். வெட்கக்கேடு!

ரெகுலா தன் குட்டியோடு தனியாக நின்றாள். தடிகள் எல்லாம் புல்லில் கிடந்தன. குட்டி ஒவ்வொன்றாக நடந்து கடந்தது. உற்சாகத்தில் அது துள்ளப் பார்த்தபோது பிடித்து நிறுத்தினாள்.

"இப்ப நம்பிறியோ?" என்றேன்.

"ஓம். இவள் தன்ர குட்டியையும் பொறுக்க வைக்கிறாள்."

சந்தோசப்படுவாள் என்று பார்த்தால், வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்த ரீச்சருக்கும் யாதவியின்ர வயசிலை ஒரு மகள் இருந்தவள். அவளைப் பொறுக்க வைக்கேல்லை. நேர மேல்பிரிவுக்கு விட்டவ."