ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடமும் என் ஆய்வேடும்

வேலை பார்த்துக்கொண்டே முதுகலை ஆய்வேடு எழுதுவது, கண்ணில் படுகிறவர்கள் எல்லோரும் "முடிஞ்சுதா?" என்று கேட்கும் ஒரு தொழில். நீங்களும் அதில் மாட்டியிருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்திருக்கும்.

மத்தூரிலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்தவள் நான். வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஆவணப் பிரிவு. முப்பத்தாறு வயதில், தபால் வழியில், தகவல் மேலாண்மை எம்.எஸ்சி. சேர்ந்தேன்.

தலைப்பு

"இந்தியத் தொழில்துறையில் தகவல் மேலாண்மை: ஒரு முழுமையான பார்வை." இது பத்து நாள் யோசித்து வைத்த தலைப்பு. நெறியாளர் மேடம் அட்டையைத் தாண்டவே இல்லை. உங்கள் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும்போது மெஷின் நிலவரம் எப்படிக் கைமாறுகிறது என்று கேட்டார். லாக்புக்கில் எழுதுவார்கள் என்றேன். யார் படிப்பார்கள் என்றார். ஒன்பது வருடமாக அந்த லாக்புக்குகளை அடுக்கி வைப்பவள் நான். அடுக்கி வைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மேடம் பேனாவை மூடினார்.

"இந்தியாவை விட்டுடுங்க. அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் எழுதுங்க."

நாற்பது படிவம்

கேள்விப் படிவம் அடித்து நாற்பது பேருக்குக் கொடுத்தேன். இரண்டே நாளில் நாற்பதும் திரும்பி வந்தன. உங்களுக்கு அப்படி வந்தால் சந்தோஷப்படாதீர்கள். எல்லாக் கேள்விக்கும் 'மிக நன்று'. ஒருவர் வயதுக்கு நேராகவும் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார்.

நாலாம் நம்பர் மெஷின் ஓட்டும் வெங்கடம்மா அக்காவிடம் படிவங்களோடு போய் நின்றேன். கெலமங்கலம் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஆபீஸ் காயிதத்துல வேற என்னத்த மேடம் எழுதுவாங்க?"

ஓ.கே.

படிவங்களைக் கட்டிப் போட்டுவிட்டு, மூன்று வாரம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் லைன் ஓரமாக நின்றேன். லாக்புக்கில் நாலாம் மெஷினுக்கு தினமும் 'ஓ.கே.' ஆனால் அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே அடுத்த ஷிஃப்ட்காரரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவார்: சூடானால் உறுமுது, பத்து பீஸுக்கு ஒருதரம் அளவு பாரு. அவர் லீவு போட்ட அன்று வேறு லைன்காரர் வந்து ஓட்டினார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை; லாக்புக்கைப் பார்த்தார், 'ஓ.கே.' ஒரு தொட்டி பீஸ் அளவு தவறிப்போனது.

ஏன் எழுதி வைக்கவில்லை என்று அக்காவைக் கேட்டேன். குறை எழுதினால் பக்கத்துக் கட்டத்தில் 'காரணமானவர்' பெயரையும் எழுத வேண்டுமாம்.

"மெஷினுக்குக் காய்ச்சல்னு எழுதுனா, மெமோ எனக்கில்ல வரும்?"

பணியாளர் ஏழு

லாக்புக்கில் வராமல் வாய்வழியாகக் கைமாறும் தகவலை மூன்றாம் அத்தியாயமாக எழுதி, அதில் அக்காவைப் 'பணியாளர் 7' ஆக்கினேன். கம்பெனி அனுமதிக் கடிதம் இல்லாமல் சமர்ப்பிக்க முடியாது. படித்துப் பார்த்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "யாரும்மா இந்த ஏழு?" என்றார். இரண்டு வருட உழைப்பு அவர் கையெழுத்தில் நின்றது. "பேர் சொல்ல மாட்டேன்னு சொல்லித்தான் சார் கேட்டேன்" என்றேன். அவர் ஆய்வேட்டை மூடி மேஜை டிராயருக்குள் வைத்தார்.

நாலு நாள் நான் அவர் அறைப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் கடிதம் வந்தது, கூடவே புது லாக்புக் மாதிரியும். 'காரணமானவர்' கட்டம் போயிருந்தது. அந்த இடத்தில் 'அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்ல வேண்டியது. எந்த மொழியிலும் எழுதலாம்.' நன்றி சொல்ல வாய் திறந்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஏழு யாரா வேணா இருக்கட்டும். நாலாம் மெஷின் பேரிங்கை மாத்தச் சொல்லிட்டேன், போங்க."

வைவா

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரு மணி நேரம் தாமதம். சானமாவு காட்டோரம் யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்ததாம். படித்து வந்த பதிலெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு மறந்துவிட்டது. அவர் வந்து தண்ணீர் குடித்துவிட்டு என் ஆய்வேட்டை எடுத்து வைத்தார். ஒரு கேள்வியும் கேட்பதற்கு முன்னால் சொன்னார்:

"வழியில ஒரு போர்டும் சொல்லலம்மா, எதிர்ல வந்த பஸ் டிரைவர்தான் நிறுத்திச் சொன்னார். உங்க மூணாவது அத்தியாயம் சரிதான்."

ஆக, தகவல் மேலாண்மையில் முதுகலைப் பட்டம் கையில் இருந்தும், அந்த ஆய்வேடு என் வீட்டு அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் எனக்கு உடனே சொல்லத் தெரியாது.