களி வேகும் முன் அடித்த மணி

பர்கூர் பக்கம் யாரும் சீந்தாத கரட்டு மேட்டைக் கல் குவாரி ஆக்கியவன் நான். லாரி ஏற ரோடு போட்டவன் நான். பாரூர் வாய்க்கால் மதகில் நிற்பது என் குவாரிக் கல். படிப்பு? மூன்றாவதோடு சரி.

அப்பேர்ப்பட்ட நானே போன செவ்வாய்க்கிழமை தரையில் உட்கார்ந்துவிட்டேன்!

பாறையில் குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரியைப் பற்ற வைத்தோம். விசில் ஊதி எல்லோரும் ஒதுங்கினோம். காத்திருந்தோம்... சத்தமே இல்லை. திடீரென்று பார்க்கிறேன் — திரி வைத்த முனியப்பன் குழியை நோக்கி நடக்கிறான்!

"டேய் முனியப்பா, திரும்புடா!"

தமிழில் கத்தினேன். தெலுங்கில் கத்தினேன். கன்னடத்தையும் விடவில்லை.

"திரி அவிஞ்சி போச்சு எசமான்! நான் பாத்துக்கறேன்" என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறான். மறுபடி விசில் ஊதினேன். தினம் கேட்கிற விசில்தானே, எவன் மதிப்பான்?

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார். "ரெண்டு பேரு போயி இழுத்தாந்துடறோம் எசமான்."

"அவன் ஒருத்தன் சாவறது பத்தாதா? நில்லுய்யா!"

எங்கள் குவாரியில் புளியமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை அடித்தால் சாப்பாடு. பிந்தி வருகிறவனுக்குக் களி உண்டு, குழம்பில் கருவாடு கிடையாது. சுத்தியலை எடுத்தேன். அடித்தேன் பாருங்கள்!

முனியப்பன் நின்றான். அண்ணாந்து வெயிலைப் பார்த்தான். "இன்னா எசமான், அதுக்குள்ளியா?" என்றபடி ஓட்டமாக வந்தான்.

சமையல்கார கெம்பம்மா களித் துடுப்போடு பாய்ந்து வந்தாள். "யார்ரா மணி அடிச்சது? களியே இன்னும் கிண்டலையே!"

முனியப்பன் தட்டை எடுத்தான்.

வெடித்தது.

அவன் போகவிருந்த இடத்தில் வண்டி அளவுக்கு ஒரு பாறை விழுந்து கிடந்தது. வெறும் தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நானும்தான்.

நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களே... நம் தொண்டை கிழிவதால் யாருக்கு என்ன லாபம்? அவன் காது எதற்குத் திரும்பும் என்று தெரிய வேண்டாமா? பதறுகிற நேரத்தில் ஆளை அனுப்பாமல் யோசனையை அனுப்ப வேண்டாமா?

முனியப்பன் சம்சாரம் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டாள். மேஸ்திரியோ, "கருவாடு காப்பாத்திச்சு" என்று சந்தையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அம்மனுக்கு ஒரு பங்கு, சரி. கருவாட்டுக்கும் ஒரு பங்கு, போகட்டும்.

ஆனால் மணி அடிச்சது யாருன்னு கெம்பம்மா கேட்டாளே, அதற்கு இன்னும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மணி அடித்தது நான்தான் — சொல்லுங்கய்யா!