கடைசி இடத்துக்கான ஆட்டம்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் எங்கள் ஹாக்கி மைதானம் இருக்கிறது. நீலநிறச் செயற்கைப் புல் போட்ட மைதானம். அங்கே நடந்த ஒரே சர்வதேச ஆட்டத்துக்கு நான்தான் கடிகாரம் பார்த்தேன். பெரிய போட்டி ஒன்றுமில்லை. தரவரிசையில் கீழே கிடக்கும் நாடுகளைக் கூப்பிட்டு நடத்தியது. முக்கிய ஆட்டங்களை மதுரையில் வைத்துக்கொண்டு, கடைசி இடம் யாருக்கு என்று தீர்மானிக்கும் ஆட்டத்தை மட்டும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள்.

எனக்குச் சொந்த ஊர் எம். புதுப்பட்டி. வீட்டில் எல்லோருக்கும் பட்டாசு வேலை. மட்டையைப் பிடித்துத் திரிந்ததால் நான் மட்டும் உடற்கல்வி ஆசிரியர் ஆனேன். அக்கா இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் வேன் வரும். எந்தக் கம்பெனியில் ஆள் குறைகிறதோ அங்கே கொண்டுபோய் இறக்கும். இன்றைக்கு எங்கே என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு அணி சின்னத் தீவு நாட்டிலிருந்து வந்திருந்தது. இன்னொரு அணியின் நாட்டில் பல வருஷமாகப் போர். அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். கோல்கீப்பருக்கு மட்டும் கொஞ்சம் ஆங்கிலம் வரும். முதல் நாள் என்னிடம் வந்து, இந்த ஊரில் ஏன் எல்லாச் சுவரிலும் வெடி படம் வரைந்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

மூன்றாவது கால்பகுதி நடந்துகொண்டிருந்தது. மதியம் மூன்று மணி இருக்கும். தண்ணீர் தெளித்த புல்லில் பட்ட வெயிலில் கண் கூசியது. முதலில் என் கடிகார மேஜை ஆடியது. அப்புறம்தான் சத்தம்.

சத்தம் என் காதில் முழுதாக விழுவதற்கு முன்பே, போர் நாட்டு அணி ஆட்கள் பதினோரு பேரும் தரையில் குப்புறக் கிடந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. எங்கெங்கே நின்றார்களோ அங்கங்கே விழுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார்கள். பந்து மட்டும் தானாக உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது. தீவுக்காரர்கள் மட்டையைப் பிடித்தபடி திகைத்து நின்றார்கள்.

பார்வையாளர் பக்கம் திரும்பினேன். இருநூறு பேர் இருப்பார்கள், எல்லாம் எங்கள் ஊர்ச் சனம். ஒருவர்கூடப் படுக்கவில்லை, ஓடவில்லை. எல்லோரும் எழுந்து நின்று மேற்கே பார்த்தார்கள். புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்தால் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும். நானும் பார்த்தேன். ஒரு குழந்தைகூட அழவில்லை. பிறகு எல்லோர் கையும் ஒரே சமயத்தில் செல்போனுக்குப் போயிற்று.

என் முன்னால் கடிகாரம் நின்றிருந்தது. பொத்தானை நான்தான் அழுத்தியிருக்க வேண்டும். அழுத்திய ஞாபகம் இல்லை.

அக்காவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஆட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி வெளிமாநிலத்துக்காரர். விஷயம் தெரிந்ததும், "நீங்க போறதுன்னா போங்க, நான் கடிகாரம் பார்த்துக்கிறேன்" என்றார். நான், "முடிச்சிட்டே போறேன் சார்" என்றேன். கடமை என்று அவர் நினைத்திருப்பார். உண்மை அது இல்லை. எனக்குப் பயம். அந்த நாற்காலியில் இருக்கிறவரைக்கும் எனக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை.

கீழே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஆனால் யாரும் கத்தவில்லை. பந்து கேட்டுக் கூப்பிடும் குரல்கூட இல்லை. மட்டையில் பந்து படும் சத்தமும், நடுவரின் விசிலும் மட்டும்தான். பார்வையாளர்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பி, வெடிமருந்து கருகிய வாடை வந்தது. கூடவே கருகிய காகிதத் துணுக்குகள் இறங்கி, ஈரப் புல்லில் ஒட்டிக்கொண்டன. ஒரு பெனால்டி கார்னர் எடுக்கும் முன்னால், பந்தை நிறுத்தும் இடத்தில் கிடந்த துணுக்கை அந்தக் கோல்கீப்பர் குனிந்து எடுத்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கோல் வலைக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

ஆட்டம் சமனில் முடிந்தது. ஷூட் அவுட். ஆளுக்கு எட்டு வினாடி. ஓடி வந்து கோல்கீப்பரை ஏமாற்றி அடிக்க வேண்டும். ஒவ்வொரு எட்டு வினாடியையும் நான் அளந்தேன். நடுவில் அக்காவுக்கு அடித்தேன். மறுபடி எட்டு வினாடி. தீவுக்காரர்கள் ஜெயித்தார்கள். யாரும் குதிக்கவில்லை.

பைக்கை எடுக்கப் போனபோது கோல்கீப்பர் பின்னாலேயே வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கம்பிகளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "உன் ஆட்களா?"

"தெரியாது" என்றேன்.

"முதல்ல உயிரோட இருக்கிறவங்களைத் தேடு" என்றார். அவ்வளவுதான். திரும்பி நடந்தார்.

புகை எழும்பிய கம்பெனி வாசலில் போலீஸ், தீயணைப்பு வண்டி, சனக்கூட்டம். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வேலைக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுப் பையோடு வாசல் கொட்டகையில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்தக் கொட்டகை முழுக்க ஆணிகளில் பைகள். எல்லாப் பைகளும் அடித்துக்கொண்டிருந்தன. சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, குழந்தை சிரிப்பு, வெறும் உறுமல். துணிக்குள் வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்தது. எடுக்க ஒரு ஆள் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். அக்காவின் மஞ்சள் பையும் அங்கே தொங்கியது. நான் அடித்தேன், பை அதிர்ந்தது. நிறுத்தினேன், நின்றது. எதற்காக அப்படி இரண்டு மூன்று தடவை செய்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வேப்ப மரங்களுக்கு அந்தப் பக்கம் பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகமும் வெள்ளி நிறம். வெடியில் சேர்க்கிற அலுமினியப் பவுடர். எல்லா முகமும் ஒன்றுபோல இருந்ததால் அக்காவை அடையாளம் தெரியவில்லை. அதில் ஒரு வெள்ளி முகம் வாய் திறந்தது.

"ஏலே, மேட்ச் முடிஞ்சிருச்சா?"

"ஏக்கா..." பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் இந்தக் கடைசி செட்டுல இருந்தேன்லே. அந்தக் கடைசி செட்டுல தான் வெடிச்சுச்சு. எந்திரிச்சு ஓடியாந்துட்டோம்." பிறகு, "எதுத்த வீட்டுக்காரி வரல" என்றாள்.

கூட்டிக்கொண்டு கிளம்பும்போது பையை எடுக்கக் கொட்டகைக்குப் போனோம். அக்கா பையை அடுத்து எதிர் வீட்டுக்காரியின் பச்சைப் பை. அதில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா வெகுநேரம் நின்றாள். பிறகு கையை விட்டு எடுத்துக் காதில் வைத்தாள்.

"அத்தை பேசுறேன் தாயி. அம்மா உள்ள இருக்கா. நீ சாப்பிட்டியா?"

மிச்ச ஆட்டத்துக்கு உட்கார்ந்திருந்ததை நான் அன்று சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன். "உள்ள வந்திருந்தா மட்டும் என்னத்தைப் பாத்திருப்பே" என்றாள். கோபமா, ஆறுதலா, தெரியவில்லை. தீபாவளி சீசன் வந்ததும் மறுபடி வேனில் ஏறினாள். இப்போது காலையில் அவள் போன் பண்ணுவாள். எந்தக் கம்பெனி என்று சொல்லிவிட்டு, வேறொன்றும் பேசாமல் வைத்துவிடுவாள்.