குறுக்கே வந்த மாடு

காலை ஒன்பது நாற்பதுக்கு ஆட்டோவை விட்டு இறங்கியபோது நான் முதலில் பார்த்தது என் கணவரின் செருப்புகளை. செங்கம் சாலை ஓரத்தில் எங்கள் கார் நின்றது. அதன் ஓட்டுநர் கதவுக்குக் கீழே, வீட்டு வாசலில் விடுவதுபோல அவை ஜோடியாகக் கழற்றி விடப்பட்டிருந்தன. அவர் உள்ளே, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். காரின் இடது முன்பக்கம் ஒரு விடுதியின் மதில் சுவரை முட்டிக்கொண்டிருந்தது. பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. விளக்குக் கண்ணாடி தரையில் சிதறிக் கிடந்தது.

எனக்குத் தகவல் சொன்னவர் எதிரே டீக்கடை வைத்திருப்பவர். அவரே ஓடி வந்தார்.

"அடி ஒண்ணும் இல்லக்கா. மெதுவாத்தான் வந்தாரு. பிரேக்கே போடல, நேராப் போயி செவுத்துல முட்டிடுச்சு. எறங்குனாரு, சுத்திப் பாத்தாரு, செருப்பக் கழட்டிட்டு திரும்ப ஏறி உக்காந்துட்டாரு. எங்க சார் போறீங்கன்னேன். கீழ்பென்னாத்தூர் கடைக்குன்றாரு. அது அந்தாண்ட கோடி, இது செங்கம் ரோடாச்சே சார்னு சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"நல்லாவே சிரிச்சாருக்கா."

விடுதிக்காரர் வெளியே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "செவுத்துக்கு ஒண்ணும் ஆவலம்மா, பெயின்ட்டுதான் போயிருக்கு. சாரை மொதல்ல வீட்டுக்குக் கூட்டினு போங்க" என்றார். நான் செருப்புகளை எடுத்து என் கணவரின் காலருகே வைத்தேன். குனிந்து பார்த்துவிட்டு, "இதை யாரு வெளிய வெச்சது?" என்றார்.

எங்கள் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால். கீழ்பென்னாத்தூரில் அவருக்கு விதை, உரக் கடை. பல வருடங்களாக அதே பாதையில் போய் வருகிறார். இந்த ஊரில் வழி தவறுவது எளிதல்ல. எந்தச் சாலையில் நின்றாலும் மலை தெரியும், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்தே நாம் எங்கே போகிறோம் என்று தெரிந்துவிடும். கடைக்குப் போகும்போது மலை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். செங்கம் சாலையில் போனால் அது வலது கைப் பக்கம் வரும். அன்று காலை அவர் ஊருக்குள் நுழைந்து, பெரிய தெருவைத் தாண்டி, ஆசிரமத்தைத் தாண்டி, மலையை வலது கையில் வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். கண்ணாடிக்கு வெளியே அத்தனை பெரிய மலை நின்றிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்புவரை நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வேலை பார்த்தேன். விபத்துச் செய்திகள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். வாகனம் கட்டுப்பாட்டை இழந்து மோதியது என்று எழுதுவோம். இழப்பது எப்போதும் வாகனம்தான், ஓட்டியவர் அல்ல. எங்கே, எப்போது, யார் என்பதெல்லாம் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் போலீஸ் விசாரணைக்கு விட்டுவிடுவோம். அன்று ஆட்டோவில் அவரோடு திரும்பும்போது அந்தக் கடைசி வரி என்னிடமே வந்து சேர்ந்திருந்தது.

ஒர்க்‌ஷாப்காரர் எங்களுக்கு வெகுநாள் பழக்கம். காரைச் சுற்றி வந்தார், பானட்டைத் திறந்தார், ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தார்.

"செலவு ஜாஸ்தி ஆவும்கா. கையக் கடிக்கும். இன்சூரன்ஸ்ல போட்டுடலாம்."

"எப்படி ஆச்சுனு கேப்பாங்களே?"

"மாடு குறுக்க வந்துச்சுனு எழுதிக்கலாம். நம்ம ஊர்ல எந்த வண்டி எங்க முட்டுனாலும் மாடுதான்கா. அந்த மாட்ட மட்டும் புடிச்சாங்கனு வெச்சுக்கோங்க, ஆயுசுக்கும் ஜெயில்தான்."

என் கணவர் பலமாகச் சிரித்தார். ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு நிமிடம் அவர் எப்போதும்போல இருந்தார்.

கிளெய்ம் போடலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசினோம். அவருக்குச் சந்தேகமே இல்லை.

"வருஷா வருஷம் கட்டறோம். ஒரு தடவ கூட ஒரு ரூபா வாங்கினதில்ல. எதுக்குக் கட்டறோம் பின்ன?"

"ஓட்டினவருதான் எழுதித் தரணும்ங்க. எங்க ஆச்சு, எப்படி ஆச்சுனு."

"எழுதித் தரேன். எனக்கு எழுதத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். மழையில் நிலக்கடலை அழுகிப்போன வருடங்களில், பயிர்க் காப்பீட்டுக்கு எழுதத் தெரியாத விவசாயிகள் அவர் கடைக்குத்தான் வருவார்கள். யாருடைய வயல் எந்த ஏரிக்குக் கீழே இருக்கிறது, எந்த வரப்பு யாருடையது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நஷ்டத்தைக் கூட்டிச் சொல்கிறவர்களைத் திட்டுவார். "உள்ளத உள்ளபடி சொல்லுயா. நாளைக்கு ஆபீசர் வயலுக்கு வந்து நின்னா நீ எங்க போயி நிப்ப?" என்பார்.

இருந்ததை இருந்தபடி எழுதினால் என்ன வரும் என்று யோசித்துப் பார்த்தேன். கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பியவர் செங்கம் சாலையில் சுவரில் மோதினார், பிரேக் போடவில்லை, எதுவும் குறுக்கே வரவில்லை. அப்படி எழுதித் தந்தால், பணம் வருகிறதோ இல்லையோ, அவரைப் பற்றிய அந்த உண்மை முதன்முதலாக எழுத்தில் வந்துவிடும். மாட்டை எழுதினால் பணம் வந்துவிடும், உண்மை எங்கும் இருக்காது. இரண்டும் வேண்டாமென்றால் சேமிப்பிலிருந்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். உண்மையில் நான் காரைப் பற்றி யோசிக்கவில்லை. இவர் இனி வண்டி ஓட்டலாமா, தனியாகக் கடைக்குப் போகலாமா என்ற கேள்வியைத்தான் இன்சூரன்ஸ் என்ற பெயரில் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

சென்ற ஒரு வருடத்தில் வேறு சில நடந்திருந்தன. குளித்துவிட்டு வந்து, குளித்தேனா என்று கேட்டார். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்த மறுவாரம், எப்போது கல்யாணம் என்றார். ஐம்பத்தெட்டு வயதுக்கு இது சகஜம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, அவர் ஒரு வாடிக்கையாளரிடம் போனில் பேசுவது சமையலறையில் கேட்டது.

"மாடுப்பா. திடீர்னு வந்துடுச்சு. அது போயிடும்னு பாத்தா பின்னாடியே கன்னுக்குட்டி. ஸ்டியரிங்க ஒடிக்காம இருந்தா கன்னு போயிருக்கும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மாலையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் மறுபடி சொன்னார். இந்த முறை மாடு வெள்ளை. கழுத்தில் அறுந்த கயிறு இருந்தது.

அடுத்த நாள் எங்களுக்குப் பாலிசி போட்டுத் தந்த ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். தாமதித்தால் கேள்வி கேட்பார்கள், இன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்கதான ஓட்டுனீங்க? எப்படி ஆச்சு, சொல்லுங்க."

என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். கடைக்குப் போகிற திண்டிவனம் சாலையில் போய்க்கொண்டிருந்தார். பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் இடது பக்கத்திலிருந்து வெள்ளை மாடு வந்தது, பின்னால் கன்று. மாட்டை விட்டுவிட்டுக் கன்றுக்காக ஒடித்தார். அங்கே ஒரு சுவர் இருந்தது. எங்கும் தடுமாறவில்லை, ஒரு சொல்லுக்குக்கூட நிறுத்தவில்லை. அன்று வரையிலான பல மாதங்களில் அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"சார் பக்காவா சொல்றாரு மேடம்" என்றார் ஏஜென்ட். "வண்டியப் பாக்க கம்பெனி சர்வேயர் வந்தா இதையே சொல்லிடுங்க சார். அந்த எடத்தக் காட்டச் சொன்னாலும் காட்டிடுங்க."

"தாராளமா. வரச் சொல்லுங்க, கூட்டினு போறேன்."

நான் கேட்டேன். "ஏங்க, அப்ப மலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

ஏஜென்ட் என்னை விநோதமாகப் பார்த்தார். என் கணவர் யோசிக்கக்கூட இல்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"இதோ, இந்தப் பக்கம். கூடவே வந்துச்சு."

"திண்டிவனம் ரோட்டுலயா?"

"ஆமா."

அவர் முகத்தில் குழப்பம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வயல் வரப்புகளை மனப்பாடமாகச் சொல்கிறவர், கிழக்கே போகும் சாலையில் மலை வலது பக்கம் வந்ததாகச் சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"கிளெய்ம் வேணாங்க சார்" என்றேன் ஏஜென்ட்டிடம். "நாங்களே கட்டிக்கறோம்."

"ஏன் மேடம்? எல்லாம் கரெக்டா இருக்கே. அடுத்த வருஷத் தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ் போயிடும்னு பாக்கறீங்களா? அது கம்மிதான்."

"வேணாங்க."

அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். என் கணவர் கதவுவரை போய் வழியனுப்பிவிட்டு வந்து என் எதிரே நின்றார்.

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கறியா?"

"இல்லைங்க."

"மாடு வந்துச்சு."

"நான் மாட்டப் பாக்கலைங்க."

"நீ எப்படிப் பாப்ப? நீதான் வீட்ல இருந்தியே."

அன்று முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலை எதற்காகக் கோபித்துக்கொண்டார் என்பதை மறந்துவிட்டார். இந்த மறதிக்கு அவர் கோபமே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. அன்று மதியம், அவர் தூங்கும்போது, வேலூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். எனக்குத் தலைவலி, காட்ட வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். உடனே சம்மதித்தார். பஸ்ஸில் போகலாம் என்றேன்.

"தலவலியோட எதுக்கு பஸ்ஸு? வண்டி வந்துடும், நானே கூட்டினு போறேன்" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் ஒர்க்‌ஷாப்காரர் காரை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். புது பம்பர், புது விளக்கு. எங்கே அடிபட்டது என்று தெரியாதபடி பெயின்ட் அடித்திருந்தார். சாவிக்காக நான் கையை நீட்டினேன். அவர் என்னைக் கவனிக்காமல் என் கணவரின் கையில் கொடுத்தார்.

"பாத்துப் போங்க சார், மாடு வரப்போவுது."

"வந்தா ஒடிச்சுக்கறேன்" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் வீட்டில் ஓட்டுநர் உரிமம் இருப்பது அவரிடம் மட்டும்தான்.