பூட்டக்கா கதவைத் திறந்த நாள்

அந்தக் கட்டடத்துக்குள் இருப்பதெல்லாம் வரிசையாய் நிற்கும் இரும்பு அலமாரிகளும், அவற்றில் ஓயாமல் இரையும் கணினிகளும்தான். ஊர்ப்பட்ட பேரின் வங்கிக் கணக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டும் அதற்குள்ளேதான் என்பார்கள். வாசலில் இரட்டைக் கதவு. ஒன்று சாத்தினால்தான் மற்றது திறக்கும். ஒரு கார்டுக்கு ஓர் ஆள். அங்கே காவல் நின்றவளைப் பூட்டக்கா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலோடு சரி.

அவளை மீறி ஈ, காக்கா நுழையாது. ஒருநாள் மேனேஜரே கார்டை மறந்துவிட்டு வந்து, "என்னக்கா, என்னையே தெரியலையா?" என்று சிரித்தார்.

"எனக்குத் தெரியும் சார், கதவுக்குத் தெரியாதே!" என்று வெளியிலேயே நிற்க வைத்துவிட்டாள்.

அவர் கோபப்படாமல் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்த நம்பிக்கையில்தான், லீவு கேட்கப் போனபோது, வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். பையனுக்கு நாலு வயது முடிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. புருஷன் வீட்டார் அவளைத்தான் கரித்துக் கொட்டினார்கள்.

கொஞ்ச நாளில் ஏசி கம்பெனியிலிருந்து ஒருத்தி வர ஆரம்பித்தாள். வெளியே நிற்கும் மெஷின்களைச் சுத்தம் செய்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் பூட்டக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"என் பையன் அஞ்சு வயசு வரைக்கும் பேசவே இல்லக்கா. இப்ப அவன் வாயை மூட வைக்கத்தான் ஆள் தேவை" என்று அவள் சொன்ன அன்று, பூட்டக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"தினமும் கண்ணாடி முன்னாடி உக்கார வச்சு, 'அம்மா'ன்னு சொல்லிக் காட்டுங்க. உங்க உதட்டைப் பார்க்கட்டும். வந்துரும்க்கா" என்றாள் ஏசிக்காரி.

பூட்டக்கா விடாமல் செய்தாள். கண்ணாடியைக் கண்டாலே பையன் ஓடிவந்து மடியில் ஏறினான். ஒருநாள் அவளைப் பார்த்து உதட்டை மூடித் திறந்தான். சத்தம் இல்லை. அதற்கே மறுநாள் வாசலில் வந்தவர் போனவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள், பைத்தியக்காரி.

பிறகு ஒரு மத்தியானம் ஏசிக்காரி மூச்சு வாங்க வந்தாள். "அக்கா, உள்ள ஒரு ஃபில்டர் மாத்தணும். என் கார்டுக்குக் கதவு திறக்க மாட்டேங்குது. ஆபீஸ்ல சொல்லி வாங்குறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். இன்னைக்குப் பையனோட பேச்சு டீச்சரைப் பார்க்கணும். உங்க பையனைப் பத்தியும் கேட்டுட்டு வரலாம்னு இருந்தேன்."

மேனேஜருக்கு மசியாதவள் அதற்கு மசிந்தாள். தன் கார்டை வைத்துத் திறந்துவிட்டாள்.

மறுநாள் மேலே கூப்பிட்டார்கள். மேனேஜர் பக்கத்தில், கோட்டு போட்டு, வேறொரு கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏசிக்காரி உட்கார்ந்திருந்தாள். காவல் எவ்வளவு உறுதி என்று சோதிக்க வரவழைத்த ஆளாம்! சுவர்த் திரையில் அவள் படம்: கணினி அலமாரிகளுக்கு நடுவே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதற்கும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிற காலம் வந்துவிட்டது.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா" என்றார் மேனேஜர். "உங்களையே தாண்ட முடியுமான்னு பார்த்தோம். வேலையெல்லாம் போகாது. கொஞ்ச நாள் வண்டி நிறுத்துற இடத்துல நில்லுங்க."

"நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே என் பையன் விஷயத்தை இவங்ககிட்ட யார் சார் சொன்னது?"

மேனேஜர் பேனாவைத் திறந்து மூடினார். அதற்கு முன்னால் அவள் அதைச் சொல்லியிருந்தது அவர் ஒருவரிடம்தான். கூட இருந்தே குழி பறித்துவிட்டார். ஆனாலும் அவள் திரும்பியது ஏசிக்காரி பக்கம்.

"அது கிடக்கட்டும். உங்க பையன் பேசினான்ல? அது மட்டும் நெஜந்தானே?"

ஏசிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைக்கா."

"அப்போ அந்தக் கண்ணாடி?"

"சும்மா, வாயில வந்ததைச் சொன்னேன்."

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும், பையன் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவள் மடியில் ஏறி, உதட்டை மூடித் திறந்து காட்டிவிட்டு, இனி உன் முறை என்பதுபோல் பார்த்தான்.

பூட்டக்காவுக்கு 'அம்மா' வரவில்லை. "பாவிங்க, பாவிங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பையன் அவள் வாயையே உற்றுப் பார்த்தான். அதையும் சொல்லிப் பார்க்க உதட்டை மூடித் திறந்தான்.